மலைக் குறிப்பேட்டுக்கு நிரல் எழுதுதல்: அப்சிடியன் செயலியில் தானியக்கம் அமைக்கும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் கல்வெட்டும் சமணச் சிற்பமும் தேடி நடப்பவருக்கு ஒரே இடத்துக்கு ஒருமுறை போய் வந்தால் வேலை முடிந்துவிடுவதில்லை. கீழக்குயில்குடியிலோ கீழவளவிலோ அதே பாறையின் முன்னால் வெவ்வேறு பருவத்திலும் வெவ்வேறு வெளிச்சத்திலும் பலமுறை நிற்க நேரிடும். ஒவ்வொரு முறையும் முன்பு தெரியாத ஓர் எழுத்துக் கீற்று கண்ணில் படும். இப்படிச் சேர்ந்த என் குறிப்புகள் ஐந்நூறைத் தாண்டியபோது, எழுதியது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே ஒரு மாலைப்பொழுது போதாமல் போயிற்று. அவற்றை அப்சிடியன் செயலிக்குள் ஒழுங்குபடுத்தி, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைச் சிறு நிரல்களிடம் ஒப்படைத்த முறையை இங்கே விளக்குகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் ஓரளவு பழக்கம் உள்ளவர்கள் முழுவதையும் செய்து பார்க்கலாம். பழக்கம் இல்லாதவர்களுக்கும் டெம்ப்ளேட்டர் என்ற பிளகின் (செயலியோடு சேர்க்கும் துணைநிரல்) வரையிலான பகுதி பயன்படும்.

அப்சிடியனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. அதில் குறிப்பேடு என்பது கணினியில் இருக்கும் ஒரு கோப்புறை மட்டுமே. ஒவ்வொரு குறிப்பும் மார்க்டவுன் முறையில் எழுதப்பட்ட சாதாரண உரைக்கோப்பு. மலையின் மறுபக்கத்தில் இணையம் கிடைக்காதபோதும் அது வேலை செய்யும். செயலியே ஒருநாள் இல்லாமற்போனாலும் கோப்புகளை எந்த உரைத்திருத்தியிலும் திறக்கலாம். உரைக்கோப்பாக இருப்பதால்தான் நிரலும் அதை எளிதில் படிக்க முடிகிறது.

நிரலுக்கு முன்னால் குறிப்பின் அமைப்பு

நிரல் எழுத உட்காரும் முன், குறிப்பின் எந்தப் பகுதியை நிரல் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்யுங்கள். என் குறிப்புகளில் மூன்று பகுதிகள் உண்டு. கோப்பின் தலைப்பகுதியில், மூன்று சிறுகோடுகள் கொண்ட இரண்டு வரிகளுக்கு இடையே, பண்புகள் இருக்கும்: மலை, நாள், நேரம், வகை, எழுத்துமுறை. அதற்குக் கீழே ‘கண்டது’ என்ற பகுதி. அதற்கும் கீழே ‘வாசிப்பு’ என்ற பகுதி. நிரலுக்குப் பண்புகளில் மட்டுமே அனுமதி. கண்டதையும் வாசித்ததையும் மனிதக் கை மட்டுமே எழுதும்.

இந்தப் பிரிவினை ஏன் அவசியம் என்பதற்கு மாங்குளம் கல்வெட்டே சான்று. ராபர்ட் சிவெல் அதை 1882இல் கண்டறிந்தார். அந்த வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் மீண்டும் ஆராய்ந்தபின், அதில் வரும் நெடுஞ்செழியன் என்ற பெயர் சங்ககாலப் பாண்டியரோடு சேர்த்துப் பேசப்பட்டது. கல்லில் இருக்கும் கோடுகள் மாறவில்லை, வாசிப்புதான் மாறியது. ஆகவே ‘வாசிப்பு’ பகுதியில் புதிய வாசிப்பை நாள் குறித்துக் கீழே சேர்க்க வேண்டுமேயன்றி, பழையதை அழித்துவிட்டு எழுதக்கூடாது. ஒரு நிரல் தவறிப்போய் பழைய வாசிப்பை மேலெழுதிவிட்டால் அந்த இழப்பு உங்களுக்குத் தெரியக்கூட வராது.

மலையின் பெயரையும் நேரடியாக உரையாக எழுதாதீர்கள். மாங்குளம் கல்வெட்டு என்று நூல்களில் வழங்குவது இருப்பது மீனாட்சிபுரத்து மலையில். ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் ஆடு மேய்ப்பவர்கள் தத்தம் மலையைக் காட்டுவார்கள். அதனால் மலை ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒன்று அமைத்து, ஊரார் சொல்லும் பெயர்களையும் நூல்களில் வரும் பெயர்களையும் அந்தப் பக்கத்தின் ‘ஏலியாசஸ்’ என்ற பண்பில் பட்டியலிட வேண்டும். அது செயலியிலேயே உள்ள வசதி. குறிப்பின் ‘மலை’ பண்பில் அந்தப் பக்கத்துக்கான இணைப்பை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். பண்புப் பகுதியில் இடும் இணைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள்ளும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலி அதை இணைப்பாக எடுத்துக்கொள்ளாது.

டெம்ப்ளேட்டர் வழியாக முதல் தானியக்கம்

அமைப்புகளில் ‘கம்யூனிட்டி பிளகின்ஸ்’ பகுதிக்குச் சென்று, கட்டுப்பாட்டு நிலையை நீக்கி, டெம்ப்ளேட்டர் என்ற பிளகினை நிறுவுங்கள். பிறர் எழுதிய பிளகின் எதுவாயினும் உங்கள் கோப்புகள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் வல்லது என்பதை மனத்தில் கொண்டு, தேவையானவற்றை மட்டும் நிறுவுவது நல்லது. பின்பு குறிப்பேட்டுக்குள்ளேயே வார்ப்புருக்களுக்கு, அதாவது புதிய குறிப்புக்கான மாதிரி வடிவங்களுக்கு, ஒரு கோப்புறையும், நிரல்களுக்கு ஒரு கோப்புறையும் உருவாக்கி, இரண்டின் பாதையையும் டெம்ப்ளேட்டரின் அமைப்பில் கொடுங்கள்.

புதிய கோப்பு உருவானவுடன் வார்ப்புரு தானே இயங்க வேண்டுமானால் அதற்கான தேர்வை இயக்கி, ‘களம்’ என்ற கோப்புறைக்கு இன்ன வார்ப்புரு என்று இணைத்துவிடலாம். இந்தத் தேர்வு இயங்கும்போது, வெளியிலிருந்து வந்து சேரும் புதிய கோப்பில் டெம்ப்ளேட்டர் கட்டளை இருந்தால் அதுவும் இயங்கிவிடும். நண்பர்கள் அனுப்பும் கோப்புகளை அந்தக் கோப்புறைக்குள் நேரடியாகப் போடாமல், வேறோர் இடத்தில் வைத்துப் படித்துப் பார்த்த பிறகே நகர்த்துங்கள்.

வார்ப்புருவுக்குள் கட்டளைகள் <% என்று தொடங்கி %> என்று முடியும். விளைவை எழுதாமல் வெறும் நிரலாக இயங்க வேண்டிய பகுதி <%* என்று தொடங்கும். களக்குறிப்புக்கு எனக்கு இரண்டு கேள்விகளே போதுமாக இருக்கின்றன: எந்த மலை, எந்த வகை. டெம்ப்ளேட்டரின் ‘சிஸ்டம்’ பகுதியில் உள்ள ‘சஜஸ்டர்’ என்ற செயல்கூறுக்கு (ஃபங்ஷன்) இரண்டு பட்டியல்களைத் தர வேண்டும்; முதலாவது திரையில் காட்டப்படுவது, இரண்டாவது குறிப்பில் எழுதப்படுவது. முதற்பட்டியலில் ‘கீழக்குயில்குடி, பேச்சிப்பள்ளம்’ என்று விரிவாகக் காட்டிவிட்டு, இரண்டாவதில் மலைப் பக்கத்தின் பெயரை மட்டும் வைக்கலாம். அது விடைக்காகக் காத்திருக்கும் செயல்கூறு என்பதால் அதன் முன்னால் ‘அவெயிட்’ என்ற சொல் வர வேண்டும். அதை மறந்துவிட்டால் தேர்ந்தெடுத்த பெயருக்குப் பதிலாகப் பொருளற்ற ஒரு சொல் குறிப்பில் விழும். தேர்ந்தெடுக்காமல் வெளியேறினால் வெற்று மதிப்பு கிடைக்கும். அப்போது ‘பெயரிடப்படாதது’ என்று எழுதுமாறு ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள்.

நேரத்தையும் வார்ப்புருவே பதிந்துவிட வேண்டும். சாய்ந்து விழும் வெயிலில் தெளிவாகத் தெரியும் எழுத்து உச்சி வெயிலில் மறைந்துவிடும். எப்போது பார்த்தோம் என்பது தெரியாவிட்டால், பார்த்தோம் அல்லது பார்க்கவில்லை என்ற கூற்றுக்கே மதிப்புக் குறைகிறது. (எழுத்து புலப்பட வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் தேய்ப்பவர்களைக் கண்டால் தயவுசெய்து தடுங்கள். நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.)

நாளைப் பதியும் இடத்தில்தான் நான் முதலில் பெரும் தவறு செய்தேன். டெம்ப்ளேட்டரின் ‘டேட்’ பகுதியிலுள்ள ‘நௌ’ என்ற செயல்கூறு உள்ளூர் நேரப்படி நாளைத் தரும். அதை விட்டுவிட்டு, தனி நிரலில் ஜாவாஸ்கிரிப்டின் ‘டு ஐஎஸ்ஓ ஸ்டிரிங்’ என்பதைப் பயன்படுத்தி, முதல் பத்து எழுத்துகளை வெட்டி நாளாக வைத்தேன். அது உலகப் பொது நேரத்தைத் தருவது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் செல்வது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, புறப்படும் முன் வீட்டிலேயே நான் தொடங்கிவைத்த குறிப்புகளுக்கெல்லாம் சனிக்கிழமையின் நாள் விழுந்திருந்தது. காலை ஐந்தரைக்குப் பின் தொடங்கியவை சரியாக இருந்ததால் பல மாதங்கள் இதை நான் கவனிக்கவேயில்லை. புகைப்படங்களின் நாளோடு ஒப்பிட்டபோதே வெளிப்பட்டது. நாளும் நேரமும் தேவைப்படும் இடத்தில் உள்ளூர் நேரம் தரும் செயல்கூறை மட்டும் பயன்படுத்தி, எழுதிய நிரலை விடியற்காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வார்ப்புருவுக்குள் நிரல் நீண்டுகொண்டே போனால் அதை நிரல் கோப்புறைக்கு மாற்றிவிடலாம். அங்குள்ள ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு செயல்கூறை வெளியே தர வேண்டும். கோப்பின் பெயரே, டெம்ப்ளேட்டரின் ‘யூசர்’ பகுதியில் அந்தச் செயல்கூறின் பெயராகும்.

தமிழ் எழுத்துகளைக் கையாளும்போது

நான் எழுதிய முதல் நிரல், ஒரே வகையைச் சேர்ந்த குறிப்புகளைத் தொகுத்துப் பட்டியலிடுவது. ‘கொற்றவை’ என்ற வகையின்கீழ் நான்கு குறிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பட்டியல்கள், தலைக்கு இரண்டு குறிப்புகளோடு வந்து நின்றன. திரையில் இரண்டு சொற்களும் ஒன்றே.

காரணம், எழுத்துகளுக்கு எண் தந்து கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையில் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சரங்கள் (ஸ்டிரிங்). ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த உரையிலும், கொம்பையும் காலையும் பிரித்து இடும் சில தட்டச்சு முறைகளிலும் இது நேர்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் எந்தச் சரத்துக்கும் ‘நார்மலைஸ்’ என்ற செயல்கூறு உண்டு. அதை ‘என்எஃப்சி’ முறையில் அழைத்தால் பிரிந்திருக்கும் குறிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பண்புகளில் எழுதும் ஒவ்வொரு மதிப்பையும், பண்புகளின் பெயர்களையும், ஒப்பிட எடுக்கும் ஒவ்வொரு சொல்லையும் இதன் வழியே செலுத்துங்கள். குறிப்பின் உடற்பகுதியில் மட்டும் நான் இதைச் செய்து சேமிப்பதில்லை. ஒப்பிடும் வேளையில் நினைவகத்தில் மட்டும் இரு பக்கத்தையும் சீராக்கிக்கொள்கிறேன்.

இந்தச் சீராக்கத்துக்கும் எட்டாத இரண்டு பிழைகள் உண்டு. ஔகாரக் குறியின் வலப்பாதி ‘ள’ என்ற எழுத்தைப் போலவே இருப்பதால், ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து ‘மௌ’ என்பதைத் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். கணினிக்கு அது மெகரமும் ளகரமுமே. ‘ஸ்ரீ’ என்பதும் இரண்டு வெவ்வேறு முதலெழுத்துகளைக் கொண்டு எழுதப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தில் தோன்றும். இவற்றுக்கு என் நிரலில் ஒரு சிறிய மாற்றுப்பட்டியல் வைத்திருக்கிறேன். சந்தேகமானதை அது காட்டும், மாற்றுவதை நான் செய்வேன்.

தேடல் கோவையிலும் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) கவனம் வேண்டும். சொல்லெழுத்துகளுக்கும் சொல்லெல்லைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமாகத் தரும் சுருக்கக் குறிகள் தமிழை அறியா. அவற்றுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே தெரியும். யூனிகோடு வகைகளைக் குறிப்பிட்டுத் தேடும் முறையைப் பயன்படுத்தி, ‘எழுத்து’ என்ற வகையோடு ‘குறி’ என்ற வகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எழுத்து வகையை மட்டும் கேட்டால் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் விடுபட்டு, சொல் துண்டு துண்டாகிவிடும்.

இதே காரணத்தால் சரத்தின் நீளத்தையும் நம்பக்கூடாது. ‘மாங்குளம்’ என்ற சொல்லை எழுத்தெண்ணிப் பார்த்தால் ஐந்து. ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் ஒன்பது. கோப்புப் பெயரைச் சுருக்குவதற்காக எட்டில் வெட்டினால் இறுதிப் புள்ளி போய் ‘மாங்குளம’ என்று நிற்கும். கல்வெட்டு வரியில் எத்தனை எழுத்துகள் என்று எண்ண வேண்டிய நமக்கு இது சிறிய விஷயமன்று. ‘இன்டிஎல் செக்மென்டர்’ என்ற உள்ளமைந்த வசதியைத் தமிழுக்கு அமைத்துக்கொண்டால் அது நாம் எண்ணுவதைப் போலவே ஐந்து என்று எண்ணும்.

அகர வரிசைக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘கொலேட்டர்’ என்பதைப் பயன்படுத்துங்கள். இயல்பான வரிசைப்படுத்தல் குறியீட்டு எண்களின்படி நடப்பதால், னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் வந்து, நம் நெடுங்கணக்கோடு பொருந்தாத பட்டியல் கிடைக்கும்.

பழைய குறிப்புகளை மொத்தமாகத் திருத்துதல்

புதிய குறிப்புகள் ஒழுங்காகிவிட்ட பின் பழைய ஐந்நூறையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவர ஆசை வரும். முதலில் குறிப்பேட்டுக் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து, நகலைத் தனிக் குறிப்பேடாகத் திறந்து, அதில் மட்டும் முயலுங்கள்.

வேலையின் வரிசை இது. நிரலுக்குள் குறிப்பேட்டைக் குறிக்கும் ‘வால்ட்’ பொருளிடமிருந்து மார்க்டவுன் கோப்புகள் அனைத்தையும் பெற்று, களக் கோப்புறையில் உள்ளவற்றை மட்டும் வடிகட்டுக. ஒவ்வொன்றின் பண்புகளையும் செயலியின் நினைவுத் தொகுப்பான ‘மெட்டாடேட்டா கேஷ்’ வழியே படித்து, புதிய மதிப்பு என்னவாக வேண்டும் என்று கணக்கிடுக. பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் அந்தக் கோப்பைத் தொடாமல் அடுத்ததற்குச் செல்க. வேறாக இருந்தால், முதல் ஓட்டத்தில் கோப்பின் பெயரையும் இரு மதிப்புகளையும் திரையில் காட்டினால் போதும். எதையும் எழுத வேண்டாம். அந்தப் பட்டியலை வரி வரியாகப் படித்து நிறைவடைந்த பிறகு, இரண்டாம் ஓட்டத்தில் ‘ப்ராசஸ் ஃபிரன்ட்மேட்டர்’ என்ற செயல்கூறைக் கொண்டு எழுதுக. கோப்பை நீங்களே திறந்து, கோடுகளைத் தேடி, வரிகளை மாற்றி எழுதுவதைவிட இது பாதுகாப்பானது. படிப்பதும் மாற்றுவதும் சேமிப்பதும் இடையில் வேறொன்று குறுக்கிடாமல் நடக்கும். எழுதியபின் மேற்கோள் குறிகளும் இடைவெளியும் சற்று மாறியிருக்கக்கூடும், அதனால் தீங்கில்லை.

நிரல் இரண்டு முறை ஓடினாலும் ஒருமுறை ஓடியதன் விளைவே இருக்க வேண்டும். இது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விதி. ஒவ்வொரு மலைப் பக்கத்தின் இறுதியிலும் அந்த மலைக்குரிய குறிப்புகளின் பட்டியலைச் சேர்க்க நான் எழுதிய நிரல், ஓடும்போதெல்லாம் பட்டியலைப் புதிதாக ஒட்டிக்கொண்டே போயிற்று. அரிட்டாபட்டிப் பக்கத்தில் ஒரே பட்டியல் பதினோரு முறை நின்றது. இப்போது பக்கத்தில் இரண்டு எல்லைக்கோடுகள் வைத்திருக்கிறேன். அப்சிடியனில் %% என்ற இரு குறிகளுக்கு நடுவே எழுதுவது படிக்கும் நிலையில் தெரியாது என்பதால், ‘பட்டியல் தொடக்கம்’, ‘பட்டியல் முடிவு’ என்று அவற்றுக்குள் எழுதியுள்ளேன். நிரல் இரண்டுக்கும் நடுவில் இருப்பதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிய பட்டியலை வைக்கும். எல்லைக்கோடுகளில் ஒன்று காணாமற்போயிருந்தால் எதையும் செய்யாமல் எச்சரித்துவிட்டு நின்றுவிடும்.

பட்டியலைத் திரையில் பார்த்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த நிரலே தேவையில்லை. 2025இல் செயலியோடு வந்த ‘பேசஸ்’ என்ற வசதி பண்புகளை வைத்து அட்டவணை காட்டிவிடும். எங்கள் குழுவில் மூத்தவர்கள் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு மலையேறுவதால், பட்டியல் உரையாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

சொந்தப் பிளகின்

பெரும்பாலோர் இந்த இடத்துக்கு வர வேண்டியதில்லை. குறிப்பு மாறும்போதெல்லாம் தானே இயங்க வேண்டும், அல்லது கட்டளைப் பட்டியலில் தனிக் கட்டளையாக நிற்க வேண்டும் என்றால் மட்டும் பிளகின் எழுதுங்கள். பிளகினின் பெயரும் பதிப்பும் கூறும் ஒரு விவரக்கோப்பு, நிரல் அடங்கிய ஒரு முதன்மைக் கோப்பு என இரண்டே போதும். குறிப்பேட்டின் மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புறையில், பிளகின்களுக்கான இடத்தில் தனிக் கோப்புறையாக வைக்க வேண்டும். முதன்மைக் கோப்பு ‘பிளகின்’ என்ற வகுப்பை விரித்து, ஏற்றப்படும்போது செய்ய வேண்டியவற்றை ‘ஆன்லோடு’ என்ற செயல்கூறில் கொண்டிருக்கும்.

ஒரு பொறி இங்கே உண்டு. புதிய கோப்பு உருவாகும் நிகழ்வைக் கவனிக்குமாறு எழுதினால், செயலி திறக்கும்போது ஏற்கெனவே இருக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் அதே நிகழ்வு எழும். ஐந்நூறு பழைய குறிப்புகளையும் புதியவை என்று எண்ணி நிரல் இயங்கிவிடும். பணியிடம் முழுவதும் தயாரான பின் அழைக்கப்படும் ‘ஆன் லேஅவுட் ரெடி’ என்பதற்குள் அந்தக் கவனிப்பைப் பதிவு செய்யுங்கள். கைபேசியிலும் ஓட வேண்டுமானால் கணினியின் கோப்பு முறையை நேரடியாகத் தொடும் நோடு நூலகங்களை விலக்கி, செயலி தரும் செயல்கூறுகளை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

வெளியே பகிரும் முன்

குறிப்பேட்டுக் கோப்புறையை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளின் கண்காணிப்பில் வைத்து, நிரலை ஓட்டும் முன்னும் பின்னும் ஒவ்வொரு பதிவு செய்யுங்கள்; என்ன மாறியது என்பதை வரிவரியாகக் காண அதுவே வழி.

இறுதியாக எழுதிய நிரல்தான் எனக்கு மிக முக்கியமானது. பகிர்வதற்கான நகலை அது தனிக் கோப்புறையில் உருவாக்குகிறது. இன்னும் எவரும் பதிவு செய்யாத கற்படுக்கையோ எழுத்தோ இருக்கும் இடத்தின் துல்லியமான அமைவிடம் பொதுவெளிக்குச் சென்றால், அதைக் காக்க வருபவருக்கு முன்பே சேதப்படுத்துபவர் வந்து சேரக்கூடும். கல்லுடைப்பும் கிறுக்கலும் இந்த மலைகளில் ஏற்படுத்திய இழப்பைக் கண்ணால் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகையால் ‘நிலை’ என்ற பண்பில் ‘பதிவாகாதது’ என்று இருக்கும் குறிப்பை நிரல் நகலில் சேர்ப்பதேயில்லை. அந்தப் பண்பே இல்லாத குறிப்பையும் பதிவாகாததாகவே கொள்கிறது. மற்றவற்றிலிருந்து அமைவிடப் பண்பை நீக்குகிறது. கைபேசிப் படங்களுக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மறைந்திருக்கும் என்பதால், படங்களை அப்படியே நகலெடுக்காமல், அந்த உட்குறிப்புகளைக் களைந்த பிறகே சேர்க்கிறது. நகல் உருவானதும் அதிலுள்ள படங்களில் ஏதேனும் மூன்றைத் திறந்து, அவற்றின் விவரங்களில் இருப்பிடம் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் சரிபார்த்துவிட்டே அனுப்புங்கள்.